சொல் விளக்கம்: ஈ. கோலை ஓ157

சரியாக வேகாத மாட்டிறைச்சி, பச்சைக் கீரை, காய்ச்சாத பால் என்று மேல்நாட்டில் ஏதாவது ஒன்றால் பலருக்கு வயிறு கெட்டால், செய்தியில் பெரும்பாலும் இந்த நுண்ணுயிரியின் பெயர் இருக்கும். அதிலுள்ள ‘ஓ’வைச் சுழியம் என்று நினைத்து ‘0157’ என எழுதிவிடுவது உண்டு. அது எண் இல்லை, எழுத்து. முழுப்பெயர் ஈ. கோலை ஓ157:எச்7.

‘கோலை’யிலிருந்து தொடங்கலாம். கிரேக்கத்தில் ‘கோலோன்’ என்றால் பெருங்குடல். அது லத்தீனுக்குப் போய், ‘பெருங்குடலின்’ என்ற பொருளில் கோலை ஆயிற்று. தமிழ்க் கோலுக்கும் இதற்கும் உறவில்லை. ஆனால் ‘பாக்டீரியா’வுக்கு உண்டு, பொருளளவில்: கிரேக்கத்தில் அதற்குச் சிறுகோல் என்றே பொருள். 1885இல் மூனிக்கில் குழந்தை மருத்துவர் தியோடோர் எஷெரிக், பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் இந்த உயிரைக் கண்டு ‘பாக்டீரியம் கோலை கம்யூனே’ என்று பெயரிட்டார். பெருங்குடலில் சர்வசாதாரணமாக இருக்கும் கோல், அவ்வளவுதான். கெட்டது என்ற குறிப்பே அதில் இல்லை. அது நியாயம்தான், நம் குடலில் குடியிருக்கும் ஈ. கோலையில் பெரும்பகுதி யாருக்கும் தொல்லை தராதது.

‘ஈ’ என்பது எஷெரிக்கியா. எஷெரிக் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1919இல், கஸ்டெல்லானியும் சால்மர்ஸும் தங்கள் வெப்பமண்டல மருத்துவக் கையேட்டில் சூட்டிய பெயர் இது. இருவரும் முன்பு கொழும்பில் வேலை பார்த்தவர்கள்.

அப்புறம் அந்த ‘ஓ’, ‘எச்’. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். முதல் உலகப்போர்க் காலத்தில் வைல், ஃபெலிக்ஸ் என்ற இருவர் புரோட்டியஸ் என்ற வேறொரு நுண்ணுயிரியை வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில வகைகள் வளர்ப்புத் தட்டு முழுக்க மெல்லிய படலமாகப் பரவின, கண்ணாடியில் வாயால் ஊதினால் படியும் ஆவியைப் போல. ஜெர்மனில் மூச்சாவிக்கு ‘ஹௌஹ்’. படலம் விரிந்தவை எச். விரியாதவை ‘ஓனே ஹௌஹ்’, அதாவது ஆவி இல்லாதவை, ஓ. நகர்ந்து பரவ உதவுவது கசையிழை, நுண்ணுயிரியின் வால்போன்ற இழை. அதனால் இன்று எச் என்றால் கசையிழையின் அடையாளம், ஓ என்றால் மேலுறையின் அடையாளம். வகைப்பட்டியலில் ஓ வரிசையில் 157ஆவது, எச் வரிசையில் 7ஆவது என்பதைத் தவிர எண்களுக்கு உட்பொருள் ஏதுமில்லை.

இந்த வகை பலருக்கும் தெரியவந்தது 1982இல், அமெரிக்காவில் ஹாம்பர்கர் சாப்பிட்டவர்களுக்கு இரத்தக் கழிச்சல் கண்டபோது. இது சுரக்கும் நஞ்சுக்கு ஷிகா நச்சு என்று பெயர். 1897இல் சீதபேதிக் கிருமியைக் கண்டுபிடித்த ஜப்பானியர் கியோஷி ஷிகாவின் பெயர் அது. நஞ்சு ஒட்டிக்கொள்ள மனிதச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் ஓர் ஏற்பி இருக்கிறது. சிறு குழந்தைகளுக்குச் சிறுநீரகமே செயலிழக்கலாம். மாட்டின் இரத்தக்குழாய்களில் அந்த ஏற்பி இல்லை. எனவே கன்று இதை மலக்குடலின் கடைசிச் சில சென்டிமீட்டரில் வைத்துக்கொண்டு, நன்றாகத் தின்று துள்ளித் திரியும். பால்குடி மறந்த கன்றுகளின் சாணத்தில் அதிகமாக வெளிப்படும்; அதுவும் விட்டுவிட்டு. இன்று சோதித்து இல்லை என்றால் நாளைக்கும் இல்லை என்று சொல்ல முடியாது.

2000ஆம் ஆண்டு பென்சில்வேனியாவில் ஒரு பால்பண்ணையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களில் 51 பேருக்கு நோய் கண்டது. பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். பண்ணையின் 216 மாடுகளையும் சோதித்ததில் 28இல் அதே கிருமி. கன்றுகளையும் அவை நின்ற இடத்தையும் தொட்டவர்களுக்கு ஆபத்து கூடுதல், கை கழுவியவர்களுக்குக் குறைவு என்று விசாரணையில் தெரிந்தது. நூற்றுக்கும் குறைவான கிருமிகள் உள்ளே போனாலே போதும் என்பதால், கன்றைத் தடவிய விரலை வாயில் வைப்பதே தாராளம்.

ஆய்வகத்தில் இதை அடையாளம் காண்பது நிறத்தால்தான். சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருளைச் சேர்த்த, மக்கான்கி எனும் வளர்ப்புத் தட்டில் சாதாரண ஈ. கோலை இளஞ்சிவப்புப் புள்ளிகளாக முளைக்கும். ஓ157 பெரும்பாலும் சார்பிட்டாலைத் தொடாது. அதன் புள்ளிகள் நிறமற்று நிற்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘எஷெரிக்கியா கோலை’ ஆள்பெயரில் அமைந்த அறிவியல் பெயர். அதை மாற்றத் தேவையில்லை. ‘இ-கோலி’ என்று எழுதுவதைவிட ‘ஈ. கோலை’ ஆங்கில உச்சரிப்புக்கு நெருக்கம். பொதுவாகச் சொல்ல ‘குடற்கோலுயிரி’ பொருந்தும்; ‘குடல்கிருமி’ வேண்டாம், வயிற்றுப் புழுவோடு குழம்பும். இந்தக் கெட்ட வகைக்கு ‘ஷிகா நச்சுக் கோலுயிரி’ என்பேன். கிருமியைச் சுமக்கும் கன்றை என்ன சொல்வது? ‘நோய்க்காவி’, ‘நோய்கடத்தி’ இரண்டும் கொசுவுக்குப் பழகிவிட்டன. கன்று எங்கும் பறந்துபோய்க் கடத்துவதில்லை, தன்னுள் வைத்து வளர்க்கிறது. பாடநூல்களில் இருக்கும் ‘ஓம்புயிரி’யே இதற்குச் சரியான சொல். நோயில்லாமல் சுமப்பதை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘நோயிலா ஓம்புயிரி’.

‘கன்றுக் கழிச்சல் கிருமி’ என்று மட்டும் இதை எழுதக்கூடாது. பிறந்த சில நாளில் கன்றைக் கழியவைத்துக் கொல்லும் ஈ. கோலை வேறு, கே99 என்ற ஒட்டிழையால் சிறுகுடலில் பற்றிக்கொள்ளும் வகை அது.