மேடைக் குரலும் கிராமி விருதும்

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் மறைந்து ஐந்து வாரங்களில், 2025 பிப்ரவரியில், அவருக்குக் கிராமி விருது கிடைத்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிளெயின்ஸ் என்னும் சொந்த ஊரின் தேவாலயத்தில் அவர் நடத்திய ஞாயிறு வகுப்புகளின் பதிவுக்கான விருது அது. அதற்கு முன்பே 2007, 2016, 2019 ஆகிய ஆண்டுகளில் தம் நூல்களைத் தாமே வாசித்து மூன்று முறை வென்றிருந்தார்.

இசைக்கான விருதில் அரசியல்வாதிக்கு என்ன வேலை என்ற கேள்வி எழலாம். பேச்சுப் பதிவுகளுக்கும் கிராமியில் தனிப் பிரிவு உண்டு. அங்கே மதிப்பிடப்படுவது நூலன்று, வாசிப்பு. அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோர் எழுதிய பருவநிலை நூலின் ஒலிப்பதிவு 2009இல் வென்றபோது, விருது அவருக்குப் போகாமல் அதை வாசித்த மூன்று நடிகர்களுக்கே போனது.

ஆயிரக்கணக்கானோர் முன் முழங்கிப் பழகிய குரல், பதிவறையில் ஒரே ஒருவரின் காதுக்குப் பேச வேண்டியிருக்கிறது. இந்த மாற்றத்தில் ஒலிவாங்கிக்கும் பங்குண்டு. முன்புறத்து ஒலியையே பெரிதும் ஏற்கும் ஒருதிசை ஒலிவாங்கியின் மெல்லிய தகட்டை ஒலி முன்புறமாகவும் பின்புறமாகவும் வந்தடைகிறது. இருபக்க அழுத்தங்களின் வேறுபாடே மின்குறிப்பாகிறது. தொலைவிலிருந்து வரும் தாழ்ந்த சுருதி ஒலிகளின் அலைநீளம் பெரிது என்பதால் அந்த வேறுபாடு இயல்பாகவே சிறியது. கருவியின் வடிவமைப்பு அதை ஈடுசெய்கிறது. ஆனால் வாய் ஒரு சாண் தூரத்துக்குள் வந்துவிட்டால், சுற்றிக்கொண்டு பின்புறம் சேரும் ஒலி கூடுதல் தூரத்தைக் கடந்து வலுவிழப்பதால் வேறுபாடு பெருகுகிறது. அந்தப் பெருக்கம் தாழ்ந்த சுருதி ஒலிகளிலேயே மிகுதியாகத் தெரிவதால், குரல் கனிந்து, பக்கத்தில் அமர்ந்து பேசுவதுபோல் கேட்கிறது. அதே நெருக்கத்தில் 'ப' போன்ற எழுத்துகளோடு வெளிவரும் காற்று தகட்டை அறைந்துவிடும் என்பதால், இடையில் ஒரு வலைத்திரையை வைக்கிறார்கள். குரலை உயர்த்திக் கைதட்டல் வாங்கும் உத்தி அங்கே எடுபடாது. கார்ட்டரின் மென்மையான ஜார்ஜியா உச்சரிப்புக்கு அது நன்மையாகவே முடிந்தது என்பேன்.

வாக்களிப்போர் இசைக்கலைஞர்களும் தயாரிப்பாளர்களும் ஒலிப்பொறியாளர்களும்தான். புகழ்பெற்ற பெயர் அவர்களை ஈர்க்காது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனாலும் 2008இல் கார்ட்டர், பில் கிளிண்டன் என்னும் இரு முன்னாள் அதிபர்கள் போட்டியில் இருந்தும், வென்றவர் செனட்டர் ஒபாமா. கிளிண்டனின் மனைவி ஹிலாரியை எதிர்த்து அதிபர் வேட்பாளர் ஆவதற்கு அவர் போராடிக்கொண்டிருந்த நேரம் அது. ஹிலாரியிடமும் 1997இல் வென்ற கிராமி ஒன்று இருந்தது.