துத்தநாகத் தாதுவில் வேறு என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள்

துத்தநாகத் தாது மாதிரியோடு ஆய்வகத்துக்கு ஒரு தாளும் வரும். துத்தநாகம், ஈயம், வெள்ளி, இரும்பு பார்த்துக் கொடுங்கள் என்றிருக்கும். நச்சு உலோகமான காட்மியம் எவ்வளவு, அரிய உலோகமான இண்டியம் எந்தக் கனிமத்தில் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டே ஆக வேண்டும் என்பேன்.

ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கை எடுத்துக்கொள்வோம். சூடான உப்புக்கரைசல் பாறை வெடிப்புகளில் ஏறி, ஆறி, படியவிட்ட தாது நாளங்கள் நிறைந்த ஊர். 1863-ல் அந்த ஊர்த் தாதுவில் தாலியம் என்ற உலோகத்தைத் தேடினார் வேதியியலாளர் ஃபெர்டினாண்ட் ரைஷ். அவருக்கு நிறக்குருடு; சூடாக்கிய மாதிரியின் ஒளியைப் பிரித்துக் காட்டும் நிறமாலையைப் பார்த்துச் சொன்னவர் அவருடைய உதவியாளர் தியோடர் ரிக்டர். தாலியத்தின் பச்சைக் கோடு இல்லை, யாரும் அறியாத கருநீலக் கோடு தெரிந்தது. அப்படிக் கிடைத்ததுதான் இண்டியம். இன்று கைபேசித் தொடுதிரையின் மின்கடத்திப் பூச்சில் இருப்பதும் அதுவே.

துத்தநாகத்தின் முக்கியத் தாதுக் கனிமம் ஸ்பேலரைட். அதன் படிகத்தில் துத்தநாகத்தின் இடத்தைக் காட்மியம் நேராகவே பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் மின்னேற்றம் ஒன்று. இண்டியம் பெரும்பாலும் செம்பைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, ஜோடியாக இரண்டு துத்தநாக இடங்களில் உட்காரும். அதிக வெப்பத்தில் படிந்த ஸ்பேலரைட்டில் பொதுவாக இண்டியம் கூடுதல். குறைந்த வெப்பத்தில் படிந்ததில் ஜெர்மானியமும் கேலியமும். கல்லின் நிறத்தை வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் இரும்பு அதிகம், அவ்வளவுதான்.

மெருகேற்றிய துண்டில் லேசரால் நுண்குழி போட்டு அளக்கும்போது, உலோகத்தின் அளவைக் காட்டும் வரைபடக் கோடு சீராக ஓடினால், உலோகம் படிகத்திலேயே கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். இண்டியம், செம்பு, வெள்ளீயம் மூன்றும் ஒரே நேரத்தில் எகிறி இறங்கினால் உள்ளே வேறொரு கனிமத் துணுக்கு மாட்டியிருக்கலாம். மொத்தக் கல்லையும் அரைத்து எடுக்கும் சராசரியில் இது தெரியவே தெரியாது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது காட்மியம். ஃப்ரைபெர்க்கில் சுரங்கத் தொழில் 1969-ல் நின்றது. ஆனால் 1877-ல் முடிந்த ரோத்ஷோன்பெர்க் வடிகால் சுரங்கம், துத்தநாகமும் காட்மியமும் கரைந்த நீரை டிரீபிஷ் ஆறு வழியாக எல்பே நதிக்கு அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது. காட்மியம் வயலுக்குப் போனால் என்னாகும் என்பதை ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் பகுதி மக்கள் எலும்பு முறியும் வலியில் அனுபவித்தார்கள். சுரங்கக் காட்மியமே காரணம் என்று அரசு 1968-ல் ஒப்புக்கொண்டது.

ஆகவே துளையிட்டு எடுத்த கல்லிலேயே காட்மியம் பாருங்கள், தாதுவை அரைத்துப் பிரித்தபின் மிஞ்சும் கழிவு மணலிலும் பாருங்கள். வடியும் நீர் அமிலமாக இல்லை, தெளிவாக இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம். இரும்பெல்லாம் படிந்த பிறகும் துத்தநாகமும் காட்மியமும் அந்த நீரில் கரைந்தே வரும்.