முகம் சிவக்காவிட்டாலும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாண விருந்து. அரை கிளாஸ் பீர் உள்ளே போனதுமே சீன நண்பர் காதுவரை சிவந்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் மூன்று போத்தல் முடித்த மாமாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நம்ம உடம்பு தாங்கும் மாப்ள" என்றார். இந்த நம்பிக்கை தோட்டத்தில் எத்தனை குடும்பங்களைக் கெடுத்திருக்கிறது!

மதுவிலுள்ள எத்தனாலைக் கல்லீரல் முதலில் அசெட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றும். இன்னொரு நொதி அதை அசெட்டேட்டாக்கி நச்சை முறிக்கும். கிழக்காசியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த இரண்டாவது நொதி மந்தம். நச்சு தேங்க, ரத்தக் குழாய்கள் விரிந்து முகம் சிவக்கிறது. தமிழர்களிடம் இந்தக் குறை அரிது. அதனால் நமக்கு அந்த எச்சரிக்கை மணி அடிப்பதே இல்லை. கொஞ்சம் சிவந்தாலும் நம் நிறத்தில் அது தெரியாது.

என் தாத்தா தோட்டத்து டிரசர், அதாவது தோட்ட மருத்துவ உதவியாளர். குடிப்பவர் வந்தால் முதலில் உள்ளங்கையைத்தான் விரிக்கச் சொல்வார். நிறமி குறைந்த இடம் அது. எவ்வளவு கறுத்தவருக்கும் உண்மையைக் காட்டிவிடும். பெருவிரல் மேடும் சுண்டுவிரல் பக்க மேடும் சிவந்து, நடுவில் மட்டும் வெளுத்திருந்தால் அடுத்து சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்வார். நெஞ்சில் சிலந்திக்கால் போலப் பரவிய சின்னச் சிவப்பு ரத்தக் குழாய்களைத் தேடி, நடுப்புள்ளியைக் குச்சி முனையால் அழுத்துவார். கால்கள் மறையும், எடுத்ததும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ரத்தம் திரும்ப ஓடும்.

நலிந்த கல்லீரலால் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைச் சரியாகக் கழிக்க முடியாது. ரத்தத்தில் மிஞ்சும் ஹார்மோன் தோலின் நுண்குழாய்களைத் திறந்துவிடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் இதே சிவப்பும் சிலந்தியும் வருவதுண்டு. பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் மறைந்துவிடும்.

குடித்த மறுநாள் தோல் வறள்வதற்குக் காரணம் வேறு. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரெசின் ஹார்மோனை மது அடக்கிவிடுவதால் உடம்பு நீரை இழக்கிறது. அது சீக்கிரம் சரியாகிவிடும்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது கழுத்துக் கறுப்புதான். சோற்றைத் தள்ளிவிட்டுத் தண்ணி மட்டும் போடுபவருக்கு வைட்டமின் பி3 தீர்ந்துபோகும்; சாப்பிடும் கொஞ்சத்தையும் குடல் சரியாக உறிஞ்சாது. வெயில் படும் கழுத்து, புறங்கை, முன்கை மூன்றும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கறுத்து, தடித்து, செதில் உதிரும். கழுத்தில் மாலை போட்டதுபோல் தெரியும் இந்த நோயை 1735இல் ஸ்பெயின் மருத்துவர் காஸ்பார் காசால் விவரித்தார். பெயர் பெல்லாக்ரா. செம்பனைக் காட்டில் வேலை செய்பவருக்கு வந்தால் "வெயில்ல கருத்துட்டான்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். பிறகு வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம்; கவனிக்காவிட்டால் மரணம்வரை போகும்.

ஆனால் நிக்கோட்டினமைடு என்ற பி3 மாத்திரையும் நல்ல சாப்பாடும் கிடைத்தால் குழப்பம் சில நாளிலேயே தெளியத் தொடங்கும். தோல் ஆறச் சில வாரம் பிடிக்கும். வெயிலில் கறுத்ததா என்று சந்தேகமிருந்தால் தாத்தா செய்ததுபோல் சட்டைக் காலரை மடித்துத் தடவிப் பாருங்கள். வெறும் வெயில் கறுப்பு வழவழவென்று இருக்கும். பெல்லாக்ரா கறுப்பு விரலில் சொரசொரக்கும். கண்ணின் வெள்ளையும் மஞ்சளாக இருந்தால் அன்றைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.