சொட்டு முழங்குமா? ‘ரிவர்ப்’ – ஒரு சொல் விளக்கம்

திரையில் குகை வந்தால் போதும், சப்டைட்டிலில் ‘எதிரொலிக்கும் நீர்த்துளி ஓசை’ என்று போட்டுவிடுகிறார்கள். பாதாள அறை, கைவிட்ட ஆஸ்பத்திரி, குளியலறை எதுவானாலும் அதே வரிதான். காதில் விழுவதோ பெரும்பாலும் எதிரொலியே அல்ல, ரிவர்ப், அதாவது சுவர்களில் பட்டுத் திரும்பி நீளும் ஒலிவால்.

எக்கோ (எதிரொலி), ‘ஒலி’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்வழி வந்தது. ரிவர்ப், ‘திருப்பி அடித்தல்’ என்ற இலத்தீன் வினையிலிருந்து பிறந்த ரிவர்பரேஷனின் சுருக்கம். வேரில் சிக்கல் இல்லை.

எதிரொலி என்றால் மூல ஒலி இடைவெளி விட்டுத் தனியாக மறுபடி கேட்க வேண்டும். பள்ளிக் கணக்கில் இடைவெளி 0.1 வினாடி, சுவர் குறைந்தது 17 மீட்டர் தள்ளி. குளியலறையில் அதற்கு ஏது இடம்? அங்கே சுவர்களில் பட்டுத் திரும்பும் எண்ணற்ற ஒலிகள் குழைந்து ஒரே வாலாக நீள்கின்றன. அது 60 டெசிபல் தணிய ஆகும் நேரமே ரிவர்ப்பின் அளவு.

சொல் பிசகினால் வேலையும் பிசகும். ‘எதிரொலி போடுங்க’ என்றால் எடிட்டர் டிலே (ஒலியைத் தாமதித்து மறுபடி ஒலிக்கவிடும் உத்தி) போடுவார். ஒரு சொட்டு மூன்று சொட்டாகும். குகைக்கு வேண்டியது 3 முதல் 5 வினாடி ரிவர்ப், 30 மில்லி வினாடி ப்ரீ-டிலே (மூல ஒலிக்கும் ரிவர்ப் தொடங்குவதற்கும் இடையிலான தாமதம்), 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலிகளுக்கு வெட்டு. சொட்டும் ஓசையை, போர்வை தொங்கவிட்ட அறையில், மைக்கை ஓரடிக்குள் வைத்துப் பதிய வேண்டும். குளியலறையில் பதிந்துவிட்டுக் குகை ரிவர்ப் ஏற்றினால் இரண்டு அறைகள் சேர்ந்து கேட்கும். ஒரே சொட்டைச் சம இடைவெளியில் ஒட்டினாலோ கடிகாரம்தான்.

ரிவர்ப்புக்குப் பாடநூல் தரும் சொல் ‘எதிர்முழக்கம்’. எனக்கு இதில் உடன்பாடில்லை. இடி முழங்கும், முரசு முழங்கும், மேடையில் தலைவர் முழங்குவார். சொட்டு முழங்குமா? துளி மோதுவதால்கூட அந்த ‘ப்ளிங்க்’ எழுவதில்லை. நீருக்கடியில் சிக்கிய காற்றுக்குமிழி அதிர்வதால் எழுகிறது என்று 2018இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1 மி.மீ. ஆரமுள்ள குமிழி சுமார் 3,300 ஹெர்ட்ஸில் அதிரும். வாளியில் பாத்திரம் கழுவும் சோப்பு மிச்சமிருந்தால் அதுவும் கேட்காது. இவ்வளவு மெல்லிய ஒலிக்குப் போய் முழக்கமா! முன்னால் ‘எதிர்’ வேறு. ஒருமுறை திரும்பும் எதிரொலியைத்தான் அதுவும் நினைவூட்டும்.

மணி அடித்தபின் நிற்கும் ஒலிக்குக் கார்வை என்ற நல்ல சொல் இருக்கிறது. கார்வை கருவியுடையது, ரிவர்ப் இடத்தினுடையது என்று ஆட்சேபிக்கலாம், நியாயம்தான். அதனால் ‘அறைக்கார்வை’ என்கிறேன். பழந்தமிழில் அறை என்றால் பாறையும்கூட, ஆகவே குகைக்கும் பொருந்தும். சப்டைட்டிலில் ‘நீர் சொட்டும் ஒலி, நீண்ட கார்வையுடன்’ என்று எழுதினால் யாருக்குப் புரியாது?

இதே கையோடு ‘ட்ரை’ (ரிவர்ப் ஏறாத மூல ஒலி), ‘வெட்’ (ரிவர்ப் ஒலி) இரண்டையும் ‘உலர்’, ‘ஈரம்’ என்று பெயர்க்கக் கிளம்பிவிடாதீர்கள். ‘நீர்த்துளியின் ஈரத்தை 40 சதவீதமாக்குக’ என்றால் துண்டைத்தான் தேட வேண்டும். மூல ஒலி 60, கார்வை 40 என்று எழுதுங்கள்.