வரையெல்லை: பிஎல்சி நிரலில் ஒரு மாறி எதுவரை செல்லும், எவ்வளவு தாங்கும்

ஸ்கோப் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேர் கிரேக்கத்தின் ஸ்கோபோஸ். நோட்டமிடுபவர், குறி வைக்கும் இலக்கு என்று அதற்குப் பொருள். நிரலாக்கத்தில் இச்சொல்லுக்குத் தெளிவான வரையறை தந்தது, அல்கால் 60 என்ற நிரல்மொழிக்காக 1960இல் வெளியான அறிக்கை: ஒரு பெயரின் அறிவிப்பு எந்தெந்தக் கூற்றுகளில் செல்லுபடியாகிறதோ அவற்றின் தொகுதியே அதன் ஸ்கோப். தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் இதை வரையெல்லை என்கிறது. நோக்கெல்லை என்று எழுதுவோரும் உண்டு. கிரேக்க வேருக்கு அது நெருங்கியதுதான். ஆனால் அல்கால் வரையறைக்கு வரையெல்லையே பொருந்தும். பெயர் செல்லுபடியாகும் பரப்பை அது நேராகச் சொல்லிவிடுகிறது.

ஆலைகளில் உற்பத்தி வரிசையை நடத்தும் கட்டுப்பாட்டுக் கணினிதான் பிஎல்சி. அதன் நிரல்களுக்கான சர்வதேச மொழித்தரம் ஐஇசி 61131-3. இதன் முதல் பதிப்பு 1993இல் வந்தது. மாறி என்பது நிரல் ஒரு மதிப்பை வைத்துக்கொள்ளும் பெயரிட்ட இடம். இத்தரத்தில் வார் என்று அறிவித்தால், அறிவித்த பகுதிக்குள் மட்டும் செல்லுபடியாகும் உள்ளமை மாறி. வார் குளோபல் என்று அறிவித்தால், எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவான முழுதளாவிய மாறி. தரத்தின்படி முழுதளாவிய மாறியைப் பயன்படுத்தும் நிரல், அதை வார் எக்ஸ்டர்னல் என்று மறுபடி அறிவிக்க வேண்டும். பிஎல்சி நிரல் எழுத உதவும் கோடிசிஸ் போன்ற மென்பொருள்களில் இது கட்டாயமில்லை. சிக்கல் தொடங்குவது இங்கேதான். தரம் தேறாமல் ஒதுக்கப்படும் பொருள்களின் ரிஜெக்ட் எண்ணிக்கைக்கு முழுதளாவிய மாறி ஒன்று இருக்கும்போது, அதே பெயரில் உள்ளமை மாறியையும் அறிவித்துவிட்டால், நிரல் உள்ளமை மாறியையே கூட்டிக்கொண்டு போகும். ஆலையில் கணக்கைக் காட்டும் திரையோடு இணைந்திருப்பது முழுதளாவிய மாறி என்பதால் அங்கே 0 அசையாமல் நிற்கும். முழுதளாவிய மாறிகளின் பெயருக்கு முன்னொட்டு வைக்கும் வழக்கம் இதற்காகத்தான்.

வரையெல்லையோடு பலரும் குழப்பிக்கொள்வது ஆயுட்காலம். எங்கிருந்து எட்டலாம் என்பது ஒன்று, மதிப்பு எத்தனை நேரம் தங்கும் என்பது வேறொன்று. தேவைப்படும்போது அழைக்கும் நிரல் துண்டான ஃபங்ஷனுக்குள் உள்ள உள்ளமை மாறி ஒவ்வொரு அழைப்பிலும் புதிதாகத் தொடங்கும். தனக்கென நினைவகம் உள்ள ஃபங்ஷன் பிளாக்குக்குள் உள்ளதோ அடுத்த ஸ்கேனிலும், அதாவது நிரல் திரும்ப ஓடும் அடுத்த சுற்றிலும், பழைய மதிப்பை வைத்திருக்கும். இரண்டுமே வெளியிலிருந்து மாற்ற முடியாத உள்ளமை மாறிகள்தான். மின்சாரம் போய் வந்த பிறகும் மதிப்பு வேண்டுமென்றால் அறிவிப்பில் ரீட்டெயின் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். முழுதளாவியது என்பதாலேயே எண்ணிக்கை தங்கிவிடும் என்று நம்பினால், பவர் போய் வந்ததும் ஷிஃப்ட் கணக்கு 0 ஆகிவிடும். நான்கு ஸ்டேஷன்கள் ஒரே வேலையைச் செய்தால் நான்கு தொகுதி முழுதளாவிய மாறிகள் தேவையில்லை. ஒரே ஃபங்ஷன் பிளாக்கை நான்கு பெயரில் உருவாக்கினால் ஒவ்வொன்றும் தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்ளும். ஒரு ஸ்டேஷனின் பாஸ் குறி இன்னொன்றின் பொருள் மேல் விழாது.

ஒரு மாறி எவ்வகை மதிப்பை, எவ்வளவு தாங்கும் என்பதைத் தீர்மானிப்பது அதன் டேட்டா டைப். தமிழில் தரவு வகை. டேட்டாவின் ஒருமையான டேட்டம் லத்தீனில் தரப்பட்டது என்று பொருள்படும். தரவும் தருதலிலிருந்து வந்ததே என்பதால் இணை சரியாக அமைந்துவிட்டது.

வகையைத் தவறாகத் தேர்ந்தால் எந்த எச்சரிக்கையும் வராமலே கணக்கு கெடும். முழு எண்களுக்கான இன்ட் வகை 16 பிட் அளவுடையது. −32,768 முதல் 32,767 வரை மட்டும் தாங்கும். நொடிக்கு ஒரு பொருள் வரும் வரிசையில் 8 மணி நேர ஷிஃப்டுக்கு 28,800தான், தப்பித்துவிடும். 12 மணி நேர ஷிஃப்டிலோ, சுமார் 9 மணி 6 நிமிடத்தில் எண்ணிக்கை எதிர்க்குறிக்குப் புரண்டுவிடும். உற்பத்திக் கணக்குக்கு 32 பிட் டின்ட் போடுங்கள். தசம எண்களுக்கான ரியல் போடாதீர்கள்: 1,67,77,216ஐ எட்டியதும் ஒன்று கூட்டினாலும் அதில் மதிப்பு மாறாது.

முழு எண் வகுத்தலில் இன்னொரு கண்ணி உண்டு. 800 பொருளில் 12 ரிஜெக்ட் என்றால் 12 / 800 * 100 என்பது 0 தரும், ஏனெனில் வகுத்தல் முதலில் நடந்து பின்னம் வெட்டுப்படுகிறது. இரண்டையும் ரியலாக மாற்றிவிட்டு வகுத்தால் 1.5 கிடைக்கும். எடை, வெப்பநிலை போன்ற ரியல் மதிப்புகளைச் சமக்குறியால் ஒப்பிடவும் கூடாது; ஏற்கத்தக்க இடைவெளிக்குள் இருக்கிறதா என்றே பார்க்க வேண்டும்.

பார்கோடில் வரும் லாட் எண், அதாவது ஒரு தொகுதிப் பொருள்களுக்கான அடையாளம், பெயருக்குத்தான் எண். 00457ஐ முழு எண் வகையில் வாங்கினால் 457 ஆகிவிடும். பிறகு தரவுத்தளத்தில் தேடும்போது அந்த லாட்டே கிடைக்காது. அதற்கு எப்போதும் எழுத்துவரிசையை அப்படியே வைத்திருக்கும் ஸ்டிரிங் வகைதான்.