செல்போன் ரிப்பேர் பயிற்சி இலவசம்தான், அலைச்சல் அதற்கப்புறம்

அண்மையில் ஒரு தம்பி என்னைத் தேடி வந்தான். முப்பது நாள் செல்போன் ரிப்பேர் பயிற்சி முடித்தவன். செத்துப்போன போனின் சர்க்யூட் போர்டிலிருந்து சார்ஜிங் ஐசியை, அதாவது சார்ஜ் ஏற்றுவதைக் கவனிக்கும் சிப்பை, சூடு காட்டிக் கழற்றி, இன்னொரு போனில் உட்கார வைக்கிற அளவுக்குக் கை பழகியிருந்தது. சிறுதொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் சான்றிதழும் வைத்திருந்தான். அதற்காகப் புரோக்கரிடம் 2,500 ரூபாய் அழுதிருக்கிறான். அரசாங்கம் அதற்கு ஒரு பைசா வாங்குவதில்லை. போதாக்குறைக்கு, தொழில் என்ற இடத்தில் 'செல்போன் சில்லறை விற்பனை' என்று இருந்தது. வங்கியில் "நீ வியாபாரிதானே?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

முதலில் பயிற்சி. ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம், ஆர்செட்டி என்பார்கள். மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் திட்டம், மாவட்டத்தில் ஒரு வங்கி நடத்தும். சாப்பாடு, தங்குமிடம் உட்பட எல்லாம் இலவசம். 18 வயது முடிந்திருக்க வேண்டும், 45-க்குள் இருந்தால் வயதில் சிக்கல் வராது.

சிக்கல் வேறு இடத்தில். பெரும்பாலான இடங்கள் கிராமப்புற ஏழைக் குடும்பங்களுக்கு. அதைக் காட்ட ரேஷன் கார்டு மட்டும் போதாது என்று சொல்லிவிடுவார்கள். வீட்டில் யாருக்காவது நூறு நாள் வேலை அட்டை இருந்தாலும், அம்மாவோ அக்காவோ மகளிர் குழுவில் இருந்தாலும், அந்த நகலை முதல் நாளே எடுத்துப் போங்கள். இரண்டாம் முறை பஸ் ஏறுவது மிச்சம்.

அடுத்து, "இப்போ பேட்ச் இல்லை, அப்புறம் வாங்க." இது பொய்யில்லை. இருபத்தைந்து, முப்பது பேர் சேர்ந்தால்தான் வகுப்பு தொடங்கும். ஆனால் 'அப்புறம்' எப்போது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். ஊரில் ஆர்வமுள்ள நாலைந்து பேரைக் கூட்டிப் போனால் பேட்ச் சீக்கிரம் நிரம்பும், அதிகாரியின் பேச்சும் கொஞ்சம் மாறும்.

வகுப்பில் புது ஸ்பேர் மாற்றத்தான் அதிகம் சொல்லித்தருவார்கள். பழைய போர்டைப் பிரித்து எது உயிரோடிருக்கிறது என்று பார்க்கிற வித்தைதான் கடையில் சோறு போடும். காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கும் நாலு போர்டை வாங்கிப் போய்ப் பயிற்சியாளரிடம் நீட்டுங்கள். நல்ல ஆளாக இருந்தால் உற்சாகமாகிவிடுவார்.

இனி உத்யம். பதிவுக்கு ஆதாரும் பான் கார்டும் வேண்டும், கட்டணம் கிடையாது. இணையத்தில் தேடினால் அரசுத் தளம் மாதிரியே வேடம் போட்டுப் பணம் கேட்கும் தளங்கள் முன்னால் வந்து நிற்கும். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். பணம் கேட்டால் அது அரசுத் தளமே இல்லை.

தொழில் குறியீட்டில்தான் அந்தத் தம்பி விழுந்தான். கம்ப்யூட்டர், செல்போன், டிவி ரிப்பேருக்கான எண்கள் 95-இல் தொடங்கும். 47-இல் தொடங்குவது சில்லறை வியாபாரம். அதில் பதிந்தால் வங்கியின் முன்னுரிமைக் கடன் கணக்கில் வருவீர்களே தவிர, சிறுதொழிலுக்கான மற்ற சலுகைகள் கிடையாது. தவறாகப் போட்டிருந்தால் அதே தளத்தில் திருத்தலாம், அதற்கும் காசு இல்லை. ஓடிபி உங்கள் செல்போனுக்கு வர வேண்டும். புரோக்கர் தன் எண்ணைக் கொடுத்திருந்தால் திருத்தக்கூட அவர் காலில்தான் விழ வேண்டும்.

அப்புறம், "மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு இல்லாமல் பழைய போர்டைத் தொடக்கூடாது" என்று பயமுறுத்திக் காசு பறிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. 2022 மின்னணுக் கழிவு விதிகளிலேயே குறுந்தொழில்களுக்கு விலக்கு எழுதியிருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து முதலீடு இரண்டரைக் கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை குறுந்தொழில்தான். ஒரு மேசை, ஒரு ஹாட் ஏர் மெஷினோடு உட்கார்ந்திருப்பவர் அந்த எல்லையைக் கனவிலும் தாண்டப் போவதில்லை. மிரட்ட வருகிறவரிடம் உத்யம் சான்றிதழைக் காட்டி, எந்த விதி என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆனால் விலக்கு இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். அது பேட்டரிக்குப் பொருந்தாது. பேட்டரிக்குத் தனி விதிகள். லேப்டாப் செல்லைப் பிரித்து பவர் பேங்க் செய்து விற்க நினைத்தால் அது வேறு கதை. ஆயிரமோ அதற்கு மேலோ மின், மின்னணுக் கருவிகள் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள், பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே கழிவைக் கொடுக்க வேண்டும் என்பதும் விதி. அதனால் அங்கிருந்து பழைய கம்ப்யூட்டர்களை மொத்தமாக எடுத்துத் தருகிறேன் என்று யாராவது அட்வான்ஸ் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒயரை எரித்துச் செம்பு எடுப்பதும் போர்டை ஆசிட்டில் போட்டுத் தங்கம் தேடுவதும் வேண்டவே வேண்டாம். எந்த விலக்கும் காப்பாற்றாது, நுரையீரலும் மிஞ்சாது.

கடன் விஷயம். பயிற்சிச் சான்றிதழ் கடன் உத்தரவாதம் அல்ல, வங்கி அதைத் தெளிவாகச் சொல்லிவிடும். வங்கி சொல்லாதது ஒன்று உண்டு. சிறுதொழிலுக்கான அரசுத் திட்டமான முத்ரா கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. 50,000 ரூபாய்க்குள் கேட்டால் அது சிசு பிரிவு. கருவிகளுக்கான விலைப்பட்டியலை இணைத்து விண்ணப்பம் கொடுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர், அதுவும் நகரவில்லையென்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு. மனு எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கடை திறந்த அன்றே ஒரு நோட்டு போடுங்கள். பழைய போன் வாங்கும்போது கொடுப்பவர் பெயர், செல்போன் எண், கையெழுத்து, அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எல்லாம் அதில் ஏற வேண்டும். 'கேஒய்எம்' என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு ஐஎம்இஐ எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது முடக்கப்பட்ட போனா என்று தெரிந்துவிடும். திருட்டுப் போன் ஒன்று உங்கள் மேசையில் பிரித்துக் கிடந்தால், காவல் நிலையத்தில் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.