இணையம் வருகிறது, பக்கத்து அறைக் கணினி மட்டும் வரவில்லை: ஏன்?

வாசகர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வி இது. அவர் வீட்டின் கீழ்த்தளத்தில் ஃபைபர் இணைப்புக்காரர்கள் பொருத்திய பெட்டி இருக்கிறது. மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்பதால் தனியாக ஒரு ரூட்டர் வாங்கி, கீழிருந்து கேபிள் இழுத்து அதில் மாட்டியிருக்கிறார். இரண்டு தளங்களிலும் இணையம் குறைவின்றி வருகிறது. மாடியில் உள்ள மடிக்கணினியிலிருந்து ஐபி முகவரியைத் தட்டச்சு செய்தால் கீழ்த்தள மேசைக் கணினியின் கோப்புறைகள் திறக்கின்றன. ஆனால் கீழிருந்து மாடிக் கணினியைத் திறக்க முயன்றால் நெடுநேரம் சுற்றிவிட்டுப் பிழைச் செய்தி வருகிறது. பழுது பார்க்க வந்தவர் விண்டோஸை ஃபார்மட் செய்யச் சொன்னாராம். செய்யலாமா என்று கேட்கிறார்.

செய்ய வேண்டாம். இரண்டு கணினிகளிலும் பெரும்பாலும் எந்தக் குறையும் இல்லை. ஒரு திசையில் வேலை செய்து மறுதிசையில் செய்யாமல் இருப்பது எரிச்சலூட்டும் புதிர்போலத் தோன்றினாலும், நோயைத் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும் அறிகுறி அதுதான். அதைப் படிக்கத் தெரிந்துகொள்ள, ஒரு கணினி தன் பாக்கெட்டை, அதாவது வலையமைப்பில் போகும் சிறு தரவுப் பொட்டலத்தை, வெளியே அனுப்பும் முன் தனக்குள் செய்துகொள்ளும் மிகச் சிறிய கணக்கு ஒன்றைப் பார்க்க வேண்டும்.

ஐபி முகவரி என்பது 32 இரும இலக்கங்களால் ஆன எண் என்பதும், அதை எட்டு எட்டாகப் பிரித்து 192.168.1.10 என்பதுபோல நான்கு எண்களாக எழுதுகிறோம் என்பதும் பள்ளிக் கணினி அறிவியலில் வருவதுதான். அதனுடன் சேர்ந்தே வரும் சப்நெட் மாஸ்க், அதாவது 255.255.255.0 என்று அமைப்புகளில் காணப்படும் எண், பலரும் கண்ணை ஓட்டிவிட்டுக் கடந்துபோகும் ஒன்று. உண்மையில் உங்கள் கணினி அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டின் தலைவிதியும் அதை வைத்தே முடிவாகிறது. சேரவேண்டிய முகவரியையும் மாஸ்க்கையும் இலக்கத்துக்கு இலக்கம் வைத்து, இரண்டிலும் 1 இருந்தால் மட்டும் 1, மற்றபடி 0 என்று கணினி எழுதிக்கொள்கிறது. தன் சொந்த முகவரிக்கும் அதே கணக்கைச் செய்கிறது. இரண்டு விடைகளும் ஒன்றாக இருந்தால் எதிர்க்கணினி இதே வலையமைப்பில் இருக்கிறது என்று பொருள். வேறாக இருந்தால் வெளியே இருக்கிறது என்று பொருள். 255.255.255.0 என்ற மாஸ்க்கில் முதல் மூன்று எண்கள் அப்படியே நிற்கும், நான்காவது பூச்சியமாகும், ஆகவே 192.168.1.10 என்ற கணினிக்கு 192.168.1.200 உள்ளே இருப்பது, 192.168.0.20 வெளியே இருப்பது. மாஸ்க்கை மட்டும் 255.255.255.128 என்று மாற்றினால், அதே 192.168.1.200 கூட வெளியே போய்விடுகிறது: 200-இன் முதல் இரும இலக்கம் 1, 10-இன் முதல் இலக்கம் 0. சுவருக்கு அப்பால் இரண்டடி தூரத்தில் ஒரு கணினி இருக்கிறதா, அமெரிக்காவில் இருக்கிறதா என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குத் தெரியாது, தேவையும் இல்லை.

விடை ‘உள்ளே’ என்று வந்தால் அடுத்து நடப்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. ஈதர்நெட் கேபிளுக்கும் வைஃபைக்கும் ஐபி முகவரி என்றால் என்னவென்றே தெரியாது. அவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் ஒவ்வொரு வலையமைப்பு அட்டைக்கும் உரிய 48 இரும இலக்க மேக் முகவரி மட்டுமே. ஐபி முகவரி கையில் இருக்கிறது, மேக் முகவரி தெரியாது. இதைத் தீர்க்க 1982 நவம்பரில் டேவிட் பிளம்மர் எழுதி வெளியிட்ட முறைக்கு ஏஆர்பி என்று பெயர். தெருமுனையில் நின்று “இந்தப் பெயருள்ளவர் வீடு எது?” என்று உரக்கக் கேட்பதைப்போல, உங்கள் கணினி “192.168.1.200 யாருடையது? 192.168.1.10-க்குச் சொல்லவும்” என்ற 28 பைட் செய்தியை அந்த வலையமைப்பில் உள்ள எல்லாருக்கும் அனுப்புகிறது. தொலைக்காட்சி, கைபேசி, பிரிண்டர் என எல்லாமே அதைக் கேட்கின்றன. உரிய கணினியைத் தவிர மற்றவை அனைத்தும் பேசாமல் இருந்துவிடுகின்றன. உரிய கணினி தன் மேக் முகவரியைச் சொல்லி, கேட்டவருக்கு மட்டும் நேரடியாக மறுமொழி அனுப்புகிறது.

இதில் உள்ள சிக்கனத்தைப் பாருங்கள். கேள்வி அனுப்பும் கணினி தன்னுடைய ஐபி முகவரியையும் மேக் முகவரியையும் அந்தக் கேள்விக்குள்ளேயே வைத்து அனுப்புவதால், மறுமொழி சொல்லும் கணினி திரும்ப ஒருமுறை கேட்க வேண்டிய அவசியமே எழுவதில்லை. ஒரு கேள்வி, ஒரு விடை, அத்துடன் இருவருக்கும் ஒருவரையொருவர் தெரிந்துவிடுகிறது. கிடைத்த விடையைக் கணினி ஓர் அட்டவணையில் குறித்து வைத்துக்கொள்கிறது. விண்டோஸில் அது 15 முதல் 45 விநாடிகள் வரை புதியதாகக் கருதப்படும், அதன்பின் மறுபடி சரிபார்க்கப்படும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த முறை பெரிதாக மாறவில்லை. எந்தச் சான்றும் கேட்காமல், சொன்னதை அப்படியே நம்பிவிடுவது மட்டுமே இதன் பலவீனம். பொய் சொல்லும் கணினி ஒன்று வலையமைப்புக்குள் புகுந்துவிட்டால், பிறருக்குப் போகவேண்டியதைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ள முடியும். விருந்தினருக்கு வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லைத் தருவதைவிட ரூட்டரில் உள்ள ‘கெஸ்ட்’ வைஃபையைத் தருவது நல்லது என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒரு காரணம்.

கணக்கின் விடை ‘வெளியே’ என்று வந்தாலும் கணினி இதே ஏஆர்பி கேள்வியைத்தான் கேட்கிறது. ஆனால் சேரவேண்டிய கணினியைப் பற்றி அல்ல, டீஃபால்ட் கேட்வே என்று குறிக்கப்பட்டுள்ள ரூட்டரைப் பற்றி. உள்ளே இருக்கும் பாக்கெட்டில் 8.8.8.8 என்ற தொலைதூர ஐபி முகவரி அப்படியே இருக்க, அதைச் சுற்றியுள்ள உறையில் மட்டும் ரூட்டரின் மேக் முகவரி எழுதப்படுகிறது. ரூட்டர் உறையைப் பிரித்து, புதிய உறை போட்டு அடுத்த கட்டத்துக்கு அனுப்புகிறது. ஆகவே இணையம் வருகிறது என்பதற்குப் பொருள், உங்கள் கணினிக்கும் ரூட்டருக்கும் இடையே பேச்சு நடக்கிறது, ரூட்டருக்கு வெளியே வழி இருக்கிறது என்பது மட்டுமே. அதே வீட்டின் இன்னொரு கணினியுடன் பேசுவது முற்றிலும் வேறு பாதை. “நெட் வருகிறதே, பிறகு ஏன் கோப்பு போகவில்லை?” என்ற கேள்வியில் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணும் பிழை இருக்கிறது.

இப்போது வாசகரின் வீட்டுக்கு வருவோம். ஃபைபர் பெட்டி வெறும் பெட்டியல்ல, அதுவே ஒரு ரூட்டர். கீழ்த்தளத்தில் அது 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளை வழங்குகிறது. மாடி ரூட்டரின் ‘வான்’ (WAN) துளையில், அதாவது இணையம் வரும் பக்கத்துக்கான துளையில், கேபிளைச் செருகியதால், அந்த ரூட்டர் கீழே ஒரு சாதாரணக் கணினியைப்போல 192.168.1.5 என்ற முகவரியைப் பெற்றுக்கொண்டு, மாடியில் தன் பங்குக்கு 192.168.0 என்று தொடங்கும் தனி வலையமைப்பை நடத்துகிறது. (எண்கள் வீட்டுக்கு வீடு மாறலாம்.) ஒரு வீட்டுக்குள் இரண்டு வலையமைப்புகள், இரண்டுக்கும் நடுவே ஒரு ரூட்டர்.

மாடிக் கணினி 192.168.1.10-ஐ அழைக்கும்போது கணக்கு ‘வெளியே’ என்கிறது. பாக்கெட் மாடி ரூட்டருக்குப் போகிறது. அந்த ரூட்டருக்கு 192.168.1 நேரடியாகத் தெரிந்த பக்கம். தன் வழக்கப்படி அனுப்புநர் முகவரியை அழித்து 192.168.1.5 என்று தன் முகவரியை எழுதி, யாருக்காக அனுப்பினோம் என்பதை நேட் (முகவரி மாற்றும் முறை) அட்டவணையில் குறித்துக்கொண்டு அனுப்பிவிடுகிறது. கீழ்த்தளக் கணினி தன் வலையமைப்பிலேயே உள்ள ஒருவர் கேட்பதாக நினைத்து விடை தருகிறது. ரூட்டர் அட்டவணையைப் பார்த்து அதை மாடிக்குச் சேர்க்கிறது. எல்லாம் சரியாக நடக்கிறது.

எதிர்த்திசையில் கீழ்த்தளக் கணினி 192.168.0.20-ஐ அழைக்கிறது. கணக்கு மறுபடியும் ‘வெளியே’. பாக்கெட் ஃபைபர் பெட்டிக்குப் போகிறது; மாடியில் அப்படியொரு வலையமைப்பு இருப்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது. தெரியாத முகவரிகளையெல்லாம் இணைய நிறுவனத்தின் பக்கம் தள்ளுவதே அதன் வேலை என்பதால் இதையும் அந்தப் பக்கமே தள்ளுகிறது. 192.168 என்று தொடங்குபவை 1994-ஆம் ஆண்டு முதல் தனியார் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டவை. உலகில் கோடிக்கணக்கான வீடுகளில் அதே எண்கள் இருப்பதால் பொது இணையத்தில் அவற்றுக்கு வழியே கிடையாது. பத்துப் படி ஏறினால் சேரவேண்டிய பாக்கெட் தெருவுக்குப் போய்த் தொலைகிறது. ஒருவேளை அது மாடி ரூட்டரின் வாசலை அடைந்திருந்தாலும், அட்டவணையில் யாரும் கேட்டதாகக் குறிப்பு இல்லாத பாக்கெட் என்பதால் அங்கேயே தடுக்கப்பட்டிருக்கும்.

கணினியின் பெயரைக் கொடுத்தால் எந்தத் திசையிலும் கிடைக்காததற்கும் இதுவே காரணம். விண்டோஸ் ‘நெட்வொர்க்’ சாளரத்தில் மற்றக் கணினிகளைக் கண்டுபிடிப்பது எல்லாருக்கும் பொதுவாகக் கூவிக் கேட்கும் முறைகளால்தான். அந்தக் கூவல் ரூட்டரைத் தாண்டாது.

தீர்வு எளிது. மாடி ரூட்டரின் அமைப்புகளில் ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லையென்றால், மாடி ரூட்டருக்கு 192.168.1.2 போன்ற, கீழே யாருக்கும் வழங்கப்படாத முகவரியைக் கொடுத்து, முகவரி வழங்கும் டிஎச்சிபி வசதியை அதில் நிறுத்திவிட்டு, கேபிளை ‘வான்’ துளையிலிருந்து பிடுங்கி, வீட்டுக் கணினிகளுக்கான ‘லேன்’ (LAN) துளை ஒன்றில் செருக வேண்டும். அதன்பின் அது ரூட்டர் வேலையை விட்டுவிட்டு வெறும் வைஃபை சாதனமாகிவிடும்; வீடு முழுவதும் ஒரே வலையமைப்பாகும். இந்த வரிசையை மாற்றி முதலில் கேபிளை மாற்றிவிட்டால் முகவரி வழங்குபவர்கள் இருவராகி, குழப்பம் கூடும்.

இப்படியில்லாத வீடுகளில் கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம். எதிர்க்கணினி எட்டுகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளை தரும் செய்தியை அலட்சியம் செய்யாமல் படிப்பது பாதி வேலையை முடித்துவிடும். ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று உங்கள் கணினியின் சொந்த முகவரியிலிருந்தே மறுமொழி வந்தால், ஏஆர்பி கேள்விக்கு யாரும் விடை தரவில்லை என்று பொருள்: எதிர்க்கணினி அணைந்திருக்கிறது, அல்லது வேறு வலையமைப்பில் இருக்கிறது, அல்லது அது ‘கெஸ்ட்’ வைஃபையில் இருப்பதால் ரூட்டர் இருவரையும் பேசவிடவில்லை. ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று வந்தால், உடனே ஏஆர்பி அட்டவணையைத் திறந்து பாருங்கள். வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் விண்டோஸ் ஃபயர்வால் பிங்கைத் தடுக்கும், ஆனால் ஏஆர்பி கேள்விக்கு விடை தருவதைத் தடுப்பதில்லை. ஆகவே அட்டவணையில் அந்த முகவரிக்கு நேரே மேக் முகவரி இருந்தால் எதிர்க்கணினி உயிரோடும் எட்டும் தூரத்திலும் இருக்கிறது, தடுப்பது அதன் ஃபயர்வால் மட்டுமே. அந்தக் கணினியில் வீட்டு வைஃபை ‘பப்ளிக்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து ‘பிரைவேட்’ என்று மாற்றினால் பெரும்பாலும் போதும். ஃபயர்வாலையே அணைத்துவிடுவது, ஃபார்மட் செய்வது, ரூட்டரை நாள்தோறும் அணைத்து எழுப்புவது எல்லாம் காரணம் தேடாமல் செய்யும் பரிகாரங்கள். தற்செயலாகப் பலித்துவிட்டால் அடுத்த முறையும் அதையே செய்யத் தோன்றும் என்பது இன்னும் மோசம். பொறியியல் கல்லூரிகளில் ஏஆர்பி பாக்கெட்டின் படத்தை மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவர்களே இப்படிச் செய்வதைப் பார்க்கும்போது, புதிய கட்டடங்களுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பங்காவது ஆய்வகத்துக்குப் போகக்கூடாதா என்று தோன்றும். பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் ஒயர்ஷார்க் மென்பொருள் இலவசம். பழைய கணினிகள் இரண்டும், அவற்றை இணைக்க ஒரு நெட்வொர்க் சுவிட்சும் இருந்தால் பாடம் நடத்திவிடலாம்.

கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்க யாரும் கிடைக்காமல் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள்; கேபிளையும் ரூட்டரின் டிஎச்சிபி வசதியையும் பாருங்கள். 8.8.8.8-க்குப் பிங் போய், இணையதளப் பெயர்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் கோளாறு.

வலையமைப்பு சரியாக இருந்தும் கோப்புறை திறக்கவில்லை என்றால், கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி முறையின் பக்கம் திரும்ப வேண்டும். அதன் முதல் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீம்பொருள் உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் கணினிகளில் அந்தப் பழைய பதிப்பு இயல்பாக இருப்பதில்லை. பழைய எக்ஸ்பி கணினியோ பழைய சேமிப்புப் பெட்டியோ புதிய மடிக்கணினிக்குத் தெரியாமல் போவதற்கு இது காரணமாக இருக்கலாம். பழைய பதிப்பை மறுபடி இயக்குவதைவிட அந்தப் பெட்டிக்குப் புதிய மென்பொருள் கிடைக்கிறதா என்று தேடுவது நல்லது. மற்றொன்று, விண்டோஸ் கடவுச்சொல் கேட்கும்போது பலரும் கணினியைத் திறக்கப் பயன்படுத்தும் நான்கு இலக்கப் பின் (PIN) எண்ணைத் தருகிறார்கள். அந்தப் பின் எண் அந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லும். வலையமைப்பு வழியாக வருபவரிடம் விண்டோஸ் கேட்பது கணக்கின் உண்மையான கடவுச்சொல்லை. கடவுச்சொல்லே வைக்காத கணக்காக இருந்தால், இயல்பான அமைப்பில் வெளியிலிருந்து அதில் நுழையவே விண்டோஸ் விடாது. பகிரும் கணினியில் கடவுச்சொல்லுடன் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அந்தக் கணக்குக்குக் கோப்புறையைத் திறக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டால் மற்றக் கணினியிலிருந்து அதே பெயரையும் கடவுச்சொல்லையும் தந்து உள்ளே போகலாம்.